பொருத்து வீடும் கல்வீடும்

ஆனையிறவின் உப்புக் காற்று இரும்பைத் தின்னும். பரந்தனைக் கடந்து வடக்கே போகும்போது வீதியின் இருமருங்கும் கடல்நீரேரி விரிந்து கிடக்கும். அந்த வெளியில் நட்ட கம்பியோ, அடித்த ஆணியோ, போட்ட தகரமோ நெடுநாள் நிறம் மாறாமல் இருப்பதில்லை. 1930களின் பிற்பகுதியிலிருந்து உப்பு விளைந்த மண் இது. போரில் அழிந்த உப்பளம் மீண்டும் உயிர்பெற்று, 2025 மார்ச்சில் அங்கே உப்புத் தொழிற்சாலை ஒன்றும் திறக்கப்பட்டிருக்கிறது. உப்பை விளைவிக்க உதவும் அதே காற்றுத்தான் இரும்பைத் துருவாக்கி உதிர்க்கிறது.

இந்த மண்ணையும் சேர்த்து, வடக்குக் கிழக்கு முழுவதற்குமாக ஓர் இரும்பு வீட்டுத் திட்டம் 2016ஆம் ஆண்டில் பேசப்பட்டது. போரில் வீடிழந்த குடும்பங்களுக்கு 65,000 உருக்கு வீடுகள்! சுவரும் கூரையும் சட்டமும் தொழிற்சாலையில் செய்யப்பட்டு, வளவுக்குக் கொண்டுவரப்பட்டு, சில நாட்களில் பொருத்தி முடிக்கப்படும் என்றார்கள். எங்கள் பத்திரிகைகள் அதற்குப் 'பொருத்து வீடு' என்று பெயர் வைத்தன. அந்தப் பெயர் ஊர்வாயிலும் ஒட்டிக்கொண்டது. 'இது புதுமை, வேகம்' என்றது ஒரு தரப்பு. 'கல்வீடுதான் வீடு' என்றது மறுதரப்பு. அந்த வாதம் இன்று ஓய்ந்துவிட்டது. ஆனால் அதன் அடியில் கிடந்த கேள்வி ஓயவில்லை. அதைக் காண்பதற்குப் பொருத்து வீட்டின் வரலாற்றைச் சற்றுத் தூரம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

பொருத்து வீடு எமக்குப் புதியதா? கிடுகை நினைத்துப் பாருங்கள். தென்னோலையை நடுவே பிளந்து, நீரில் ஊறவைத்து, பின்னி, காயவைத்து, அடுக்கி வைப்பார்கள். ஒரு கிடுகுக்கும் அடுத்த கிடுகுக்கும் அளவில் பெரிய வேறுபாடு இராது. பின்னியவர் ஒருவர், விற்றவர் இன்னொருவர், வேய்ந்தவர் வேறொருவர். வண்டியில் ஏற்றி அடுத்த ஊருக்கும் கொண்டுபோகலாம். மாரிக்கு முன் அயலவர் நாலுபேர் கூடினால் ஒரு பகலில் கூரை வேய்ந்து முடியும். கூரை ஏறும் இடத்துக்கு வெளியே, முன்கூட்டியே, ஒரே அளவில் செய்யப்பட்ட பகுதி அது. முகட்டு வளையும் கைமரமும் சிலாகையும் நிலத்தில் வைத்து அளந்து அரிந்தே மேலே ஏறின. ஆகவே பகுதிகளாகச் செய்து பொருத்துவது எம் முன்னோருக்குத் தெரியாத வித்தையல்ல. ஆனால் ஒரு விடயம் கவனிக்கத்தக்கது. அந்தப் பகுதிகளில் எதுவும் நாலுபேர் கைக்கு மேற்பட்ட பாரம் உடையதல்ல. ஓர் ஓலை இற்றுப்போனால் அந்த ஓலையை மட்டும் மாற்றலாம். மாற்றுவதற்கு வீட்டுக்காரியே போதும்.

மேல்நாட்டு வரலாறும் ஏறத்தாழ இதே இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. 1830களில் இலண்டனில் மானிங் என்றொரு தச்சர் இருந்தார். அவருடைய மகன் அவுஸ்திரேலியாவில் குடியேறப் புறப்பட்டபோது, கப்பலில் ஏற்றக்கூடிய வீடொன்றைப் பகுதி பகுதியாகச் செய்து கொடுத்தார். பிறகு அதுவே அவருடைய வியாபாரமாயிற்று. எந்தத் துண்டும் ஓர் ஆளோ சிறுவனோ சுமக்கக்கூடிய பாரத்தை மீறக்கூடாது என்பதும், பொருத்துவதற்குத் திருகுசாவி ஒன்று போதும் என்பதும் அந்த வீட்டின் சிறப்புகள். ஊர்விட்டு ஊர் போகிறவன் தன் கையாலேயே பூட்டிக்கொள்ளத்தக்க வீடு அது. 1851இல் யோசப் பக்ஸ்ரன் இலண்டனில் எழுப்பிய பளிங்கு மாளிகை இதன் பேருருவம். இரும்பும் கண்ணாடியுமான அந்த மண்டபம் கண்காட்சி முடிந்ததும் கழற்றப்பட்டு, வேறோரிடத்தில் மீண்டும் எழுந்தது.

பின்பு போர் வந்தது. போருக்கு வேகமாகக் கட்டிடங்கள் வேண்டும். 1916இல் பிரித்தானிய இராணுவப் பொறியியலாளர் பீற்றர் நோர்மன் நிசென் அரைவட்டமாக வளைந்த நெளிதகரக் கொட்டிலை உருவாக்கினார். ஓர் இராணுவ வண்டியில் அடங்கும், ஆறுபேர் நான்கு மணிநேரத்தில் எழுப்பிவிடுவார்கள் என்பது அதைப் பற்றிய கணக்கு. படைவீரர் தங்குமிடமாகவும் மருத்துவமனையாகவும் அலுவலகமாகவும் அது பயன்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியாவில் குண்டுவீச்சில் வீடிழந்தவர்களுக்காக 156,000க்கு மேற்பட்ட தற்காலிகப் பொருத்து வீடுகள் அமைக்கப்பட்டன. விமானம் செய்த தொழிற்சாலைகள் அலுமினிய வீடுகள் செய்தன. பத்து ஆண்டுகளே இருக்கும் என்று எண்ணியவற்றில் சிலவற்றில் ஐம்பது ஆண்டு கடந்தும் மக்கள் குடியிருந்தார்கள். விட்டுப் போக மறுத்துப் போராடியவர்களும் உண்டு. எனவே பொருத்து வீட்டை மனிதர் நேசிக்கமாட்டார்கள் என்று சொல்வது பொருந்தாது. சிறு முற்றமும் தனிக் குசினியும் இருந்த அந்த வீடுகளை அவர்கள் நேசித்தார்கள்.

ஆனால் அரசாங்கங்களின் கனவு அந்த அளவோடு நிற்கவில்லை. வீட்டை மோட்டார் வண்டியைப்போல் தொழிற்சாலையில் இருந்து வரிசையாக இறக்கலாம் என்று நினைத்தார்கள். எமக்கு மிக அருகிலுள்ள உதாரணம் டில்லியினுடையது. 1947இன் பிரிவினையில் இலட்சக்கணக்கான அகதிகள் டில்லியை வந்தடைந்தார்கள். அவர்களுக்காக இந்திய அரசு வீட்டுத் தொழிற்சாலை ஒன்றை அங்கே நிறுவியது. அப்போது மத்திய அரசின் வீடமைப்புப் பணிப்பாளராக இருந்தவர் ஓட்டோ கொனிக்ஸ்பேர்கர். ஹிட்லரின் ஜேர்மனியை விட்டு வெளியேறி, மைசூர் சமஸ்தானத்தில் கட்டடக் கலைஞராகப் பணியாற்றியவர். அகதிகளுக்கு வீடமைக்க வந்தவரும் ஓர் அகதியே! நுரைக் கொங்கிறீற்றினால் பெரிய சுவர்ப் பலகைகளை வார்த்து, அவற்றைப் பொருத்தி வீடாக்குவது திட்டம். பலகைகள் தரத்தில் தோற்றன. எதிர்பார்த்த வீடுகள் வரவில்லை. திட்டம் கைவிடப்பட்டது, கொனிக்ஸ்பேர்கரும் 1951இல் பதவி விலகினார். தொழிற்சாலை மட்டும் சாகவில்லை. ஹிந்துஸ்தான் பிரிபாப் என்று பிற்காலத்தில் பெயர்பெற்று, கொங்கிறீற்றுக் கம்பங்களும் கட்டடப் பகுதிகளும் வார்த்துக்கொண்டிருந்தது. முழு வீட்டைச் செய்யத் தவறிய தொழிற்சாலை, வீட்டின் பகுதியைச் செய்வதில் வென்றது என்பது சிந்திக்கத்தக்கது.

பலகை பெரிதாகப் பெரிதாக இணைப்பு முக்கியமாகிறது. 1968 மே 16ஆம் நாள் காலையில் கிழக்கு இலண்டனில் ரோனன் பொயின்ற் என்னும் 22 மாடிக் கட்டடத்தின் பதினெட்டாம் மாடியில் ஒரு பெண்மணி எரிவாயு அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்திருந்த வாயு வெடித்தது. ஒரு சுவர்ப் பலகை வெளியே பிதுங்கி விழ, மேலேயிருந்தவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து, கட்டடத்தின் மூலை முழுவதும் கீழிறங்கியது. நால்வர் இறந்தார்கள். குடிபுகத் தொடங்கி இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. தொழிற்சாலையில் வார்த்த பலகைகளை ஒன்றோடொன்று பிணைத்த முறையே பலவீனமானது என்பது விசாரணையில் தெரிந்தது. அதன்பின் உலகெங்கும் கட்டட விதிகள் இறுக்கப்பட்டன. பொருத்து வீட்டின் உயிர் பொருத்திலே இருக்கிறது என்பதை அந்த ஒரு காலை உலகுக்குச் சொல்லிற்று.

எமது தீவிலும் இந்தத் துறைக்கு ஒரு வரலாறு உண்டு. முன்தகைத்த கொங்கிறீற்றை இலங்கையில் வளர்த்தவர்களில் தலையாயவர் பொறியியலாளர் ஏ. என். எஸ். குலசிங்க. 1919இல் பிறந்து 2006இல் மறைந்தவர். கொழும்பில் தாமரைப் பூவைப்போல் நிற்கும் கோள்மண்டலம் 1965இல் அவருடைய வழிகாட்டலில் அரச பொறியியற் கூட்டுத்தாபனம் எழுப்பியது. 1974இல் அமைந்த தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையத்தோடும் அவர் பெயர் பிணைந்தது. அந்த நிலையம் வளர்த்தெடுத்த மாடித்தள முறை இன்று தீவெங்கும் வீடுகளிலும் அலுவலகங்களிலும் காணக்கிடைக்கிறது. ஒடுங்கிய கொங்கிறீற்று வளைகளை முன்னரே வார்த்துக் கொண்டுவந்து, ஏறத்தாழ இரண்டடி இடைவெளியில் சுவரின்மேல் வைத்து, கம்பிவலை விரித்து, மெல்லிய கொங்கிறீற்றை ஊற்றுவார்கள். நிலத்திலிருந்து முட்டுக்கொடுக்கும் மரக்காடு தேவையில்லை. எங்கள் வீடுகளின் மரவளை எப்படி ஏறியதோ அப்படியே இந்தக் கொங்கிறீற்று வளையும் ஏறுகிறது. ஊர் மேசன் சில நாளில் கற்றுக்கொள்வார். பொருத்து முறை வெற்றிபெற்ற இடம் இது. ஏனென்றால் அது மேசனை வெளியே தள்ளவில்லை. அவருடைய கையில் இன்னொரு கருவியைக் கொடுத்தது.

இனி வன்னிக்கு வருவோம். 1990க்குப் பின் வடக்குக்கு அனுப்பத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் சீமெந்தும் இரும்பும் இருந்தன. ஆனையிறவு வீதி மூடப்பட்டிருந்தது. மக்கள் கிளாலிக் கடல்நீரேரியைப் படகிலே கடந்தார்கள். அந்த ஆண்டுகளில் வன்னியில் எழுந்த வீடு, மண்குந்தும் ஓலைச் செத்தையும் காட்டுத்தடியும்தான். றெயில் நின்றுபோன பாதையிலிருந்து கழன்ற தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பதுங்குகுழிகளுக்கு மூடியாயின. பிரித்தானியர் காலத்தில் கப்பலில் வந்திறங்கிப் பொருத்தப்பட்ட இரும்பு, மறுபடி கழற்றப்பட்டு, குழந்தைகளின் தலைக்குமேல் பொருத்தப்பட்டது!

அதைவிடத் துயரமான பொருத்தல் ஒன்றும் நடந்தது. 2008இலும் 2009இன் தொடக்கத்திலும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு போனவை எவை? கூரைத் தகரம், கதவு, யன்னல், நிலை, வளை. நின்ற இடத்தில் அவற்றைப் பொருத்தினார்கள். எறிகணை நெருங்கியபோது கழற்றினார்கள். மறுபடி பொருத்தினார்கள். ஒவ்வொரு நகர்விலும் சில துண்டுகள் குறைந்தன. கடைசியில் தறப்பாள் மட்டும் மிஞ்சியது. பொருத்து வீட்டின் வரலாறு எழுதப்படும் நூல்களில் மானிங்கும் நிசெனும் இடம்பெறுவார்கள். தன் வீட்டைத் தானே பலமுறை கழற்றிப் பொருத்திய இந்த மக்களுக்கும் அங்கே ஒரு பக்கம் உண்டு.

நேயர்களே, போர் முடிந்து திரும்பியவர்களுக்குக் கிடைத்தவை தறப்பாளும் கூரைத்தகடும் சில மூடை சீமெந்தும். 2010இல் இந்திய அரசு 50,000 வீடுகளை அறிவித்தது. முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தகாரர் கட்டினார்கள். அவை 2012 நடுப்பகுதியில் முடிந்தன. 2012 ஒக்ரோபர் 2ஆம் நாள் தொடங்கிய அடுத்த கட்டத்தில் முறை மாறியது. பணத்தைக் கட்டங்கட்டமாகக் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கே அனுப்பினார்கள். புதுவீட்டுக்கு 550,000 ரூபா, திருத்த வேலைக்கு 250,000 ரூபா. வீட்டுக்காரரே மேசனைப் பிடித்தார்கள். வீட்டுக்காரரே மணலும் சல்லியும் வாங்கினார்கள். பல வளவுகளில் அச்சு வைத்துச் சீமெந்துக் கல்லை அரிந்தவர்களும் அவர்களே.

இங்கேதான் நான் சொல்லவந்த விடயம் இருக்கிறது. சீமெந்துக் கல் என்பது என்ன? ஒரே அளவில், முன்கூட்டியே, அச்சில் வார்த்து, தண்ணீர் விட்டு ஆறவைத்து, பிறகு எடுத்துப் பொருத்தும் பகுதி. கணக்கின்படி பார்த்தால் கல்வீடும் ஒரு பொருத்து வீடுதான்! ஆகவே மக்கள் முன்கூட்டியே செய்த பகுதியை வெறுத்தார்கள் என்றோ, புதுமைக்கு அஞ்சினார்கள் என்றோ கூறுவது சரியல்ல. துண்டு எவ்வளவு பெரியது என்பதிலே வேறுபாடு இருந்தது. துண்டு ஒருவர் கைக்கு அடங்கினால் வீட்டுக்காரர் கட்டுநராகிறார். துண்டைத் தூக்குவதற்குப் பாரந்தூக்கியும் கொம்பனியும் வேண்டுமென்றால், அவர் வரிசையில் நின்று திறப்பை வாங்கும் பயனாளியாகிவிடுகிறார்.

2016இன் உருக்கு வீட்டுக்கு எதிராக எழுந்த வாதங்களையும் இந்த நோக்கில் படிக்கலாம். ஆர்செலர் மித்தல் என்னும் உலகப்பெரும் உருக்கு நிறுவனத்தின் வீடு ஒன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா மதிப்பிடப்பட்டது. அக்காலத்தில் எட்டு முதல் பத்து இலட்சத்துக்குக் கல்வீடு கட்டலாம் என்று பொருளியலாளர் எடுத்துக்காட்டினார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியல் அறிஞர் உள்ளிட்டோர் மாதிரி வீட்டைப் பார்த்துவிட்டு அத்திவாரம், கூரையின் தாங்கல், காற்றோட்டம், விறகு அடுப்புக்கு இடமின்மை என்று குறைகளைச் சுட்டினார்கள். பழுதானால் உள்ளூரில் திருத்த முடியுமா, பிறகு விரித்துக் கட்ட முடியுமா என்ற கேள்வியும் எழுந்தது. வட மாகாண முதலமைச்சராயிருந்த சி. வி. விக்னேஸ்வரனும் எதிர்த்தார். பின்னர் எண்ணிக்கை 6,000 ஆகச் சுருக்கப்பட்டது. அந்தப் பெருந்திட்டம் நிறைவேறவில்லை. 2018இல் சீன நிறுவனமொன்று 40,000 கொங்கிறீற்று வீடுகளைக் கட்டுவதாயிருந்தது. அப்போதும் மக்கள் கல்வீட்டையே கேட்டார்கள். அதே ஆண்டு ஒக்ரோபரில் அரசு அந்த ஏற்பாட்டிலிருந்து விலகி, 28,000 வீடுகளை இந்திய நிறுவனமொன்றும் உள்ளூர் நிறுவனங்களும் சேர்ந்து கட்டும் என்று அறிவித்தது.

ஆயினும் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. அந்த உருக்கு வீட்டுக்குப் பல்லாயிரம் குடும்பங்கள் விண்ணப்பித்தன. ஏழு வருடம் தகரத்துக்குள் வெந்தவர்களுக்கு எந்த வீடும் வீடுதான். 550,000 ரூபா போதாமல் நகையை ஈடு வைத்தவர்களும் கடன்பட்டவர்களும் வன்னியில் ஏராளம். ஆண்துணையற்ற குடும்பத் தலைவிகள் மேசனுக்கும் மணலுக்கும் அலைந்தார்கள். மணல் விலை ஏறியது. ஆற்றுப் படுகைகள் தோண்டப்பட்டன. கல்வீட்டுக்கும் உப்புக்காற்று இரக்கம் காட்டுவதில்லை. உவர் மணலில் அரிந்த கல் பொரிந்து உதிரும். கொங்கிறீற்றுக்குள் உப்பு இறங்கினால் கம்பி துருவேறிப் பருத்து, கொங்கிறீற்றையே வெடிக்கச் செய்யும். ஆக, 'கல் நல்லது, இரும்பு கெட்டது' என்ற எளிய முடிவுக்கு இடமில்லை. ஒரு கல் பொரிந்தால் அந்தக் கல்லைப் பெயர்த்துவிட்டு வேறு கல் வைக்க ஊரில் ஆள் உண்டு. கடல்கடந்து வந்த சுவர்ப் பலகை துருவேறினால் எந்தக் கடையில் வாங்குவது?

வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் உள்ள வேறுபாடும் இதுவே. போரின்பின் வன்னிக்கு வந்த தொண்டு நிறுவனங்கள் பெட்டி அறைகளில் இயங்கின. அது குற்றமல்ல. வேலை முடிந்ததும் அலுவலகம் கோப்புகளைக் கட்டிக்கொண்டு போய்விடும். வீடு போகாது. வீடு வளரும். முதலில் ஓர் அறை. கையில் காசு சேர்ந்தால் பக்கத்தில் ஒரு பத்தி இறக்குவார்கள். மகளின் கலியாணத்துக்கு இன்னோர் அறை எழும். எமது வீடு ஒருநாளும் முடிந்த வீடல்ல. முடிந்த பொருளாக வந்திறங்குகிற வீடு இந்தப் பழக்கத்தோடு முட்டுகிறது.

உலகம் பொருத்து முறையைக் கைவிடப்போவதில்லை. சென்னைப் பெரும்பாக்கத்தில் முன்வார்ப்புக் கொங்கிறீற்றினால் எழுந்த 1,152 குடியிருப்புகள் 2022 மே மாதத்தில் திறந்துவைக்கப்பட்டன. நிலம் குறைந்த பெருநகரில் அடுக்குமாடிக்கு அது ஏற்ற வழியாகலாம். எமக்கும் நாளை ஒரு புயலோ வெள்ளமோ வந்தால் வேகமான கூரை தேவைப்படும். அப்போது மீண்டும் ஒரு நிறுவனம் படங்களோடு வரும். அன்றைக்குக் கேட்க வேண்டியவை மூன்று. இந்தத் துண்டை எங்கள் ஊரில் யார் தூக்குவார்? இது பழுதானால் மாற்றுத்துண்டு எங்கே கிடைக்கும்? இதன் பக்கத்தில் ஒரு பத்தி இறக்கலாமா?

இந்த மூன்றுக்கும் விடை சொல்லக்கூடிய வீடு இரும்பாலானாலும் வரவேற்கலாம். சொல்ல முடியாத வீடு கல்லாலானாலும் யோசித்தே ஏற்க வேண்டும். பலமுறை வீட்டைக் கழற்றிப் பொருத்திய மக்களுக்கு இனிமேல் கிடைக்கும் வீட்டின் திருகுசாவியாவது அவர்கள் கையில் இருக்கட்டும்.